கூடத்தில் பதினாலு வரிசை மொச்சை

என் வீட்டு வாத்தியாரம்மாவுக்கு,

கூடத்தில் பரப்பியிருக்கும் மொச்சையைக் கலைத்துவிடாதே.

நேற்று இருபத்து மூன்றைப் பதினாலால் பெருக்கும்போது, இரண்டாவது வரியில் ஒரு பூஜ்யம் போட்டாய். "எதுக்குடி அது?" என்றதற்கு, "டீச்சர் போடச் சொன்னாங்க" என்றாய். யாரோ சொன்னால் போட்டுவிடுவதா? பூஜ்யம் இல்லாமல் எனக்கு நூற்றுப் பதினைந்துதான் வந்தது. உனக்கு முந்நூற்று இருபத்திரண்டு. "முதியோர் வகுப்புல உன்னை நல்லா ஏமாத்தறாங்க, இனிமே போகாதே" என்று புருஷன் என்கிற அதிகாரத்தில் கத்தினேன். நீயும் சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

விடியற்காலையில் எழுந்து, வரிசைக்கு இருபத்து மூன்றாகப் பதினாலு வரிசை நானே வைத்துப் பார்த்தேன். ஐந்தாவது வரிசையிலேயே என் நூற்றுப் பதினைந்து தீர்ந்துபோனது. மிச்சம் ஒன்பது வரிசை என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறது. பதினாலில் இருக்கும் ஒன்று, பத்து. அதை வெறும் ஒன்று என்று எடுத்து, நாலும் ஒன்றும் ஐந்து வரிசையோடு நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பூஜ்யம் சும்மா இல்லை.

இன்று உனக்குப் பரீட்சை. கட்டாயம் போகிறாய். முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் போ. சாவி ஜன்னல் ஓரத்தில். நான் பென்சில் வாங்கப் போகிறேன்.

என் கணக்கையும் நம்பாதே. நீயே ஒருமுறை எண்ணிப் பார்.

பென்சில் இரண்டு வாங்குவேன். உன் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வை. அந்த டீச்சரிடம் எனக்கு இன்னும் நிறையச் சந்தேகம் இருக்கிறது.