அப்பாவின் காலுக்குச் சூடு தெரிந்த நாள்

விருத்தாசலம்,
மே 11.

அன்பு மகன் வளனுக்கு அம்மா அன்னாள் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மெர்சியும் குழந்தையும் சுகமாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். 'சுகமாக இருக்கிறோம்' என்பதை இந்த முறை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் போன நவம்பரிலிருந்து பொங்கல் வரைக்கும் போனில் நீ கேட்டபோதெல்லாம் நான் சொன்னது பச்சைப் பொய். கோபப்படாதே, முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு. போன மாதம் நீ பேசும்போது, குப்பை கொட்ட வெறுங்காலோடு பனியில் இறங்கிப் போனேன், ஜில்லென்றுகூடத் தெரியவில்லை, பின்லாந்து பழகிப்போச்சும்மா என்று சொல்லிச் சிரித்தாயே, அப்போது அப்பா சிரிக்கவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவரும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அது அவர் கால் விரலை எடுக்கப் பார்த்தது. இதுவரை உனக்குச் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டிவைத்திருந்தவர், இப்போது அவரே, அவனுக்கு எல்லாத்தையும் எழுதிடு அன்னாளு, ஒண்ணும் மறைக்காத என்கிறார். போனில் சொன்னால் பாதியில் குழந்தை அழும், நீ மீட்டிங் என்பாய், அதனால்தான் கடிதம்.

நவம்பரில் செராமிக் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை லோடு ஒன்று அவசரமாகப் போகவேண்டியிருந்தது. சூளை ஆற இன்னும் அரை நாள் ஆகும், ஆனால் அதற்குள் பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். உன் அப்பா, ரப்பர் செருப்பு இளகிவிடும் என்று கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே ஏறிவிட்டார். கூட வேலை செய்கிற கொளஞ்சியப்பன் ஷூ போட்ட காலை வைத்துவிட்டு அம்மா என்று வெளியே குதித்துவிட்டாராம், உன் அப்பா அந்தச் சூடான செங்கல் தரைமேல் நின்றுகொண்டு ஒரு வரிசை முழுக்க எடுத்துக் கொடுத்திருக்கிறார். சுடலையாண்ணா என்று கேட்டதற்கு, முப்பது வருஷம்டா, பழகிப்போச்சு என்றாராம். சூளை வேலைக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு, யாருக்குச் சூடு தெரியவில்லையோ அவன்தான் பெரிய ஆள். கொளஞ்சியப்பன் வீட்டுக்கே வந்து, அருளண்ணனுக்கு காலு இல்ல அண்ணி, இரும்பு என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பைத்தியக்காரி மாதிரி அதைக் கோவிலில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மூணு நாள் கழித்து அவர் படுத்திருந்த பெட்ஷீட்டில் ஈரமாக ஒரு கறை. காலைத் தூக்கிப் பார்த்தால் கட்டைவிரலுக்கு அடியில் தோல் உரிந்து கறுத்துக் கிடக்கிறது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா, மெர்சி வயசுதான் இருக்கும். அப்பாவைக் கண்ணை மூடிக்கச் சொல்லிவிட்டு நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், தொடும்போது சொல்லுங்க ஐயா என்றார். உன் அப்பா பேசாமல் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, எப்பம்மா ஆரம்பிப்பீங்க என்று கேட்டார் பார், அதற்குள் அந்தப் பெண் ஒன்பது இடத்தில் தொட்டு முடித்திருந்தது. சூளையில் நின்று நின்று பழகிப்போச்சும்மா என்றார் அப்பா. இது பழக்கமில்லை ஐயா, பன்னிரண்டு வருஷ சர்க்கரை நரம்பை மரத்துப்போக வைத்திருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. அன்றைக்குச் சர்க்கரை 386. மாத்திரை போடுகிறோம் அல்லவா, அது பார்த்துக்கொள்ளும் என்று மூணு வேளையும் சோறும் இட்லியுமாகப் போட்டவள் நான்தானே. மூணு வாரம் பார்ப்போம், சர்க்கரை இறங்கி புண் ஆறினால் சரி, இல்லையென்றால் விரலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைக்கணும், வீட்டிலேயே மீட்டர் வைத்து அடிக்கடி பார்க்கணும் என்றும் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா கம்பெனிக்குப் போய் சூளைக்குச் சூடு எழுதுகிற நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அரை மணிக்கு ஒரு தரம் சூட்டைப் பார்த்து எழுதியே வாழ்ந்த மனுஷன், சரக்கு வெடித்துப்போனால் அந்த நோட்டைப் பின்னால் பின்னால் புரட்டி எந்த நேரத்தில் தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்கிறவர். அதே மாதிரி கட்டம் போட்டார். நேரம், சாப்பிட்டது, எத்தனை. காலையில் எழுந்ததும் ஒரு குத்து, சாப்பிடுவதற்கு முன்னால் ஒன்று, சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்தில் ஒன்று. நான் என் பங்குக்குச் சோற்றை நிறுத்திவிட்டு கேழ்வரகுக் களி கிண்டினேன், சர்க்கரைக்குக் கேவுரு நல்லது என்று ஊரே சொல்கிறதே. ரெண்டு மணி நேரம் கழித்து மீட்டர் 274 என்றது. மீட்டர் கெட்டுப்போச்சு என்றேன். அவர் மறுநாளும் அதே களி, அதே அளவு சாப்பிட்டுப் பார்த்தார், 269. அதற்கடுத்த நாள் ரெண்டு முட்டையும் முருங்கைக்கீரையும் கொஞ்சம் மீன் குழம்பும் மட்டும், 158. நோட்டை என்னிடம் திருப்பிக் காட்டி, கேவுரு நல்ல தானியந்தான் அன்னாளு, என் ஒடம்புக்குத்தான் ஒத்துக்கல, ஒன் மேல தப்பில்ல என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முப்பத்தெட்டு வருஷம் இந்தக் கையால் ஆக்கிப் போட்டதை ஒரு தீப்பெட்டி அளவு மெஷின் குத்தம் சொல்கிறதே என்று.

ஆனால் வளன், அம்மா வாயிலிருந்து லேசில் வராது, இருந்தாலும் சொல்கிறேன், உன் அப்பா மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின புள்ளி, ஒரு நாள் முகம் சுளித்தது கிடையாது. கொத்தவரங்காய், சுரைக்காய், கோழி, முட்டை, மோர் என்று மாறி மாறி வைத்தேன், சோறு ஒரு கைப்பிடி. காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி வதக்கித் தா என்றார், வைத்தேன், முதல் நாள் பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அவர் வழித்துச் சாப்பிட்டார். வேப்பூர் கல்யாணத்தில் பிரியாணியை ஒதுக்கிவிட்டுக் கறியை மட்டும் எடுத்துச் சாப்பிட்டு, பரிமாறினவர் கோபித்துக்கொள்ள, அவர் தோளில் கை போட்டு, கறி பிரமாதம்ப்பா, இன்னொரு கரண்டி வை என்று சமாளித்தார் பார். ஒரு நாள் மதியம் வியர்த்து நடுங்கிவிட்டது, பார்த்தால் 62. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சாப்பாடு குறைந்தால் மாத்திரையும் குறைய வேண்டுமாம், டாக்டர் அம்மா நோட்டைப் பார்த்து ஒரு மாத்திரையை எடுத்துவிட்டார். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் இப்படி எழுதிக்கொண்டு வருகிற ஒரு ஆளை நான் பார்த்ததேயில்லை ஐயா என்று நோட்டை நர்ஸ்களுக்கெல்லாம் காட்டினார். மூணாவது வாரம் புண்ணில் சிவப்புத் தசை வந்தது. விரல் தப்பியது. பொங்கலுக்குள் முழுசாக மூடிவிட்டது. வருஷா வருஷம் கோணாங்குப்பம் மாதா திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடக்கிறவர் இந்த வருஷம் ஷூ மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார், மாதா கோவிச்சுக்க மாட்டாங்க என்றார்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தேன். மதியம் திடீரென்று மானம் இருட்டிக்கொண்டு தூறல் விழவும், உன் அப்பா செருப்புகூடப் போடாமல் ஓடினார். காலையிலிருந்து கொளுத்தின வெயில், சிமெண்டுத் தரை. ரெண்டு எட்டு வைத்தவர் ஐயோ என்று கத்திக்கொண்டு நொண்டி நொண்டிப் படிக்கட்டுக்கு வந்துவிட்டார். வெறுங்காலோடு போகாதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது என்று நான் திட்டிக்கொண்டே ஏறினேன். அவர் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டு, சுடுதுடி அன்னாளு, சுடுது, சுடுது என்கிறார். அப்படியே அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன். மிளகாய் எல்லாம் நனைந்துபோச்சு, நாங்க ரெண்டு பேரும் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் போய்க் காட்டியபோது டாக்டர் அம்மா, குதிகாலில் கொஞ்சம் உணர்வு திரும்பியிருக்கிறது, விரலுக்கு வருமா தெரியாது, அதை நம்பி செருப்பைக் கழற்றாதீங்க, தினமும் காலைப் பாருங்க என்றுதான் சொன்னார். அது போதும் எனக்கு. காலு இல்ல இரும்பு என்று பெருமை அடித்தவள்தான் இப்போது, எங்க வூட்டுக்காரருக்குச் சூடு தெரியுது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு முப்பத்தாறு வயசு ஆகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வயசுக்கு இன்னும் பத்து வருஷம்கூட இல்லை. ஒன்றும் இருக்காது என்றுதான் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் பார்த்துவிட்டுத்தான் ஒன்றும் இல்லை என்று சொல்லவேண்டும். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அப்பா நோட்டிலிருந்து கிழித்தது, அவரே கோடு போட்டு மேலே உன் பெயரை எழுதியிருக்கிறார். முதல் வரியில் நேரத்தையும் அவரே எழுதிவிட்டார், காலை, வெறும் வயிறு என்று. பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பி போட்டோ எடுத்து அனுப்பு, எண் எதுவாக இருந்தாலும் சரி, நாங்கள் பயப்பட மாட்டோம். பழகிப்போச்சு என்று மட்டும் எழுதாதே. மெர்சிக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். ஆண்டவர் உன் தலை முதல் உள்ளங்கால் வரைக்கும் காக்கட்டும், இப்போதெல்லாம் ஜெபத்தில் உள்ளங்காலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காலுறை போட்டுக்கொண்டு நட.

உன் எண்ணுக்காகக் காத்திருக்கும்
அம்மா,
அ. அன்னாள்