ஆதிமூலம் என்ற பூஞ்சை

கீழ்பென்னாத்தூர்,
கார்த்திகை 20.

அன்பு மகள் வினோதினிக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான். போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் கடிதம்.

போன வருஷம் நம் கொல்லை நிலத்தில் மல்லாட்டைச் செடிகள் வேரழுகி வாடியபோது, அப்பா நாலைந்தை மண்ணோடு பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி உன்னிடம் கொடுத்தார். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் துண்டு போட்டு உனக்குப் பெங்களூர் பஸ்ஸில் சீட் பிடித்ததும் அவர்தான். மகள் மருந்தோடு வருவாள் என்று நம்பினார். நீயோ உன் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த வேரிலிருந்து பூஞ்சையை எடுத்து ஸ்ட்ராபெர்ரிச் செடிகளுக்கு விட்டு, எது சாகிறது, எது தாங்குகிறது என்று பார்க்கிறாய். இருப்பதிலேயே கொடியது நம் கொல்லைப் பூஞ்சைதானாம், அதனால் எல்லாச் செடிக்கும் அதை வைத்துத்தான் பரீட்சையாம். ஸ்ட்ராபெர்ரியை இந்த ஊரில் யாரடி தின்றார்கள்?

அதோடு விட்டாயா? அதற்கு ‘ஆதிமூலம்’ என்று அப்பா பெயரையே எழுதி, அது வளரும் கண்ணாடித் தட்டைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாய். பாசத்தில் வைத்தாய், தெரியும். அந்த மனுஷர் டீக்கடை, பால் சொசைட்டி என்று ஓர் இடம் விடாமல் காட்டினார். எம்பொண்ணு எம்பேர வெச்சிருக்கா பாருங்கன்னு ஒரே பெருமை. வருஷா வருஷம் நம்மிடம் விதை வாங்கும் மணிவேல்தான், எதுக்கு வெச்ச பேருங்க அதுன்னு கேட்டாராம். இவரும் நம் கொல்லையில் வந்த நோய்க்கு என்று ஒளிக்காமல் சொல்லித் தொலைத்தார். தவளை தன் வாயால் கெட்டது.

மார்கழிப் பட்டத்துக்கு ஒருவரும் விதைக்கடலை கேட்டு வரவில்லை. இது அந்தக் கொல்லையில் இல்லை, ஏரிக்கரைக் கொல்லையில் நோயில்லாமல் விளைந்தது என்று நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? எங்கே செடி வாடினாலும், ஆதிமூலம் வந்துட்டான்டான்னு சிரிக்கிறார்களாம். நேற்று அப்பா விதை மூட்டைகளை எண்ணெய் ஆட்டச் செக்குக்கு அனுப்பிவிட்டார். உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் படத்தையும் இன்னும் அழிக்கவில்லை.

செக்குக்குப் போகாமல் ஒரு பிடி விதை எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஸ்ட்ராபெர்ரிக்கு ஓரமாக இதையும் ஊன்றி, அதே பூஞ்சையை விட்டுப் பார். அங்கே உனக்கு மேலே இருப்பவர்கள் திட்டினால் திட்டட்டும்.

அண்ணாமலையார் உனக்குத் துணை இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு செடி தாங்கி நின்றாலும் போதும், அதற்கும் அப்பா பெயரையே வை.

உன் அம்மா,
சந்திரகலா