பத்து மணிச் சீனி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகம்தானே? பூண்டுலோயாவில் மழை விட்டதா? கொப்பன்ஹேகன் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் உங்களால் எங்கள் ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். பயப்படாதீர்கள். உங்கள் கையில் ஒட்டியிருக்கும் சென்சர் அனுப்புகிற சர்க்கரைக் கோடு தினமும் காலை பத்து மணிக்குப் பிறகு செங்குத்தாக ஏறுகிறது. படிவத்திலோ, தேத்தண்ணியில் சீனி போடுவதில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். சென்சர் பழுது, உங்களை நீக்கிவிடலாம் என்றார் எங்கள் குழுவில் இருக்கும் யென்ஸ். அவருக்கும் உங்களைப் போலச் சீனி வருத்தம், நீரிழிவுதான். இந்த ஆராய்ச்சியை நடத்துவதே நோயாளிகள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருவது உங்கள் கோடு ஒன்றுதான் என்பதால் நான் விடவில்லை.

நீங்கள் பத்து மணிக்குச் செய்வதுபோலவே, அவர்கள் முன்னால் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறும் தேத்தண்ணி குடித்துக் காட்டினேன். நீங்கள் சொல்லப்போவதும் தெரியும்: "தேத்தண்ணியில போடலதானே, கையிலதானே வச்சிருந்தேன்."

இனி படிவத்தில் இருக்கும் அந்தச் சீனிக் கேள்வியை நீங்களே திருத்தித் தர வேண்டுமாம். யோசித்து வையுங்கள். சீனியையும் குறையுங்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் தேயிலைத்தூள் கொடுத்துவிடுங்கள். போனை லயத்து வீட்டில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகாதீர்கள்; அது பக்கத்தில் இருந்தால்தான் கோடு எனக்கு வரும். உங்கள் கோடு ஏறுவதைப் பார்த்துத்தான் நானும் காலைத் தேத்தண்ணி குடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை கோடு வரவில்லை. நானும் குடிக்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மகள்
நிலோஜினி