கப்பி மீனும் கழக்கூட்டத்து வரனும்

ஜூன் 8, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. ஸ்ரீவராகம் தெரு முழுக்கத் தண்ணீர். காலேஜுக்குப் போய் கப்பி மீன் தொட்டியைக் கழுவ முடியவில்லை. நாளைக்கு முதல் வேலை அது.

மழையிலும் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். கார்த்திக், கழக்கூட்டத்தில் ஐடி வேலை. நான் உயிரியல் டீச்சர் என்று தெரிந்தும் எனக்கே பாடம்.

"ஆம்பளைக்கு வயசு குறைஞ்ச பொண்ணுமேலதான் இஷ்டம் வரும். எவல்யூஷன் அல்லே? நம்ம கையில இல்லை."

எனக்கு முப்பத்துமூன்று. அவருக்கு முப்பத்தெட்டு! அம்மா தலையாட்டிக்கொண்டு நிற்கிறாள். பற்றிக்கொண்டு வந்தது. சராசரியாக இப்படி என்றால் ஒவ்வோர் ஆளுக்கும் அது சட்டமா? பெரும்பாலான பிராணிகளில் தேர்ந்தெடுப்பது பெண். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். பஜ்ஜியை மறக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வேண்டாமாம். வயசு ஜாஸ்தியாம். தரகர் மாமா போன். ஒரு பக்கம் நிம்மதி. ஆனாலும் ஆத்திரம், நான் முந்திச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா சாப்பிடவில்லை. பேச வைக்க கப்பிக் கதை சொன்னேன்: ஒரு பெண் மீன் ஓர் ஆண் பக்கத்தில் நின்றால், பார்த்துக்கொண்டிருந்த இன்னொன்றும் அவனையே தேடிப் போகும். "அப்படியா?" என்றாள். மோர் சாதம் இறங்கியது.

ஜூன் 13, வெள்ளி

குடையை பஸ்ஸில் விட்டாச்சு.

தரகர் மாமா வீட்டுக்கே வந்தார். "அவாளுக்கு இப்போ சம்மதமாம்! உடனே நிச்சயம் பண்ணணும்கறா." கரமனையில் ஒரு டாக்டர் வரன் என்னைக் கேட்டதாகக் கார்த்திக் வீட்டார் காதில் விழுந்ததாம்.

எந்த டாக்டர்? அவர் போனதும் அம்மாவைப் பிடித்தேன்.

"நான்தான் கோவில்ல சும்மா சொல்லி வெச்சேன். நீதானேடி சொன்னே, மீன் அப்படித்தான்னு."

கத்திவிட்டேன். என்னைக் கடைச் சரக்காக்கிவிட்டாள், அதுவும் என் பாடத்தை வைத்தே! அவள் அழுதாள். "எனக்கப்புறம் உனக்கு யாருடி இருக்கா?" நானும் அழுதேன். கோபம் போகவில்லை.

ஜூன் 14, சனி

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நானே கார்த்திக்குக்கு போன். "டாக்டர் யாரும் இல்லை. அம்மா சும்மா சொன்னது."

அவர்: "ஓ... அப்படின்னா நான் ஒண்ணு ஆலோசிச்சுச் சொல்றேன்."

"ஆலோசிக்க வேண்டாம். எனக்கு நீங்க வேண்டாம்."

நான் வைப்பதற்குள் அம்மா கத்தினாள். "கட்டேல போறவன்! ஆலோசிக்கணுமாமே!"

அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.