படிப்பு முடியட்டும்

மதுரை, ஆடி 1938

அன்புள்ள மாமாவுக்கு மலையம்மாள் வணங்கி எழுதுவது. நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

திங்களன்று ஆசிரியப் பயிற்சி வகுப்பில் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. பயப்படாதீர்கள், காலையில் சாப்பிடாததுதான் காரணம். உடன் படிக்கும் கம்பத்துக்காரி ராக்கம்மாள், "ஏத்தா, மாசமா இருக்கியா?" என்று கேட்டாள். நர்ஸம்மா பார்த்துவிட்டு இல்லை என்றார். உண்டாகியிருந்தால் படிப்பு நின்றிருக்கும். அதனால் முதலில் நிம்மதியாக இருந்தது. அறைக்கு வந்ததும் ஏனோ அழுதேன்.

எனக்கும் பிள்ளை ஆசை உண்டு. படிப்பு முடிந்ததும் பெற்றுக்கொள்வோம். "ஊர்ல எல்லாரும் கேக்குறாகப்பா" என்று அத்தை சொன்னால், உங்களுக்குச் சம்மதமானால், நாம் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று சொல்லுங்கள்.

கூடலூரிலிருந்து வருகிறவர்களிடம் நல்லெண்ணெயும் உங்கள் துண்டு ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். சாப்பாட்டு மணி அடிக்கிறது. துண்டைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

மலையம்மாள்