நகராமல் நின்றேன்

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. சென்னையில் நடக்கும் சர்வதேசப் பெண்கள் கிளப் கூடைப்பந்துப் போட்டியில் அரையிறுதிக்கு வந்துவிட்டோம். இன்றைய காலிறுதியின் கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளிதான் முன்னால் இருந்தோம். எதிரணியின் ஆறடிப் பெண் பந்தோடு பாய்ந்து வந்தாள். நான் அவள் தோளுக்குக்கூட வரமாட்டேன். ஆனாலும் நகராமல் நின்றேன். நெஞ்சில் இடித்துச் சாய்த்துவிட்டாள். தவறு அவளுடையது என்று நடுவர் பந்தை எங்களிடம் கொடுத்தார். ஜெயித்தோம். கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டதும் அவள்தான்.

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பியதும் அம்மா ஒத்தடம் கொடுத்தாள்.

"ஒதுங்காம இன்னாத்துக்குடி நின்னுக்கினு இருந்த?"

"ஒதுங்கியிருந்தா தோத்திருப்போம்மா."

"நாளைக்கும் நிப்பியா?"

"நிப்பேன்."

அம்மா ஒத்தடத் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். "அப்போ நானும் வரேன். கம்பெனில ஷிப்ட் மாத்திக்கிறேன்."

அம்மா என் ஆட்டத்தை இதுவரை பார்த்ததே இல்லை. மூச்சை இழுத்தால் வலிக்கிறது. கோச்சிடம் சொல்லவில்லை. நாளை அம்மா பார்க்க நான் ஆட வேண்டும்.