உன் திட்டத்தில் என் பெயர்

பிளெக்ஸ் பேனருக்கு ஒரு வாடை உண்டு. மண்ணெண்ணெயும் புது ரப்பர் செருப்பும் கலந்த மாதிரி இருக்கும். காலையிலிருந்து அது என் மூக்கை விட்டுப் போகவில்லை. உன் கருமாதிக்காக உன் அண்ணன் அதை வீட்டு வாசலில் கட்டியிருக்கிறார். மூலையில் தபால்தலை அளவுக்கு உன் முகம், நடுவில் கைகூப்பிக்கொண்டு அவர். உன்னோடு ஒரே கப்பலில் இலங்கையிலிருந்து வந்து, பிறகு உனக்கு அண்ணியாகவும் ஆனவள் நான். அழ வேண்டிய நாளில் எனக்குக் குமட்டல்தான் வந்தது.

பந்தியில் குன்னூர் மளிகைக் கடைக்காரர் கேட்டார். “ஏனுங்க, தோட்டத்துல இருந்து போயி ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகறதுன்னா லேசுங்களா? எப்பிடிங்க படிச்சாங்க?”

உன் அண்ணன் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, “எல்லாம் அவ அதிஷ்டங்க. நானும் தடுக்கல” என்றார். தடுக்கவில்லையாம். சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நடந்தது முழுவதும் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் எல்லாரும் அரிசி எப்போது போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். நீ மட்டும், அந்தப் பக்கத்தில் படித்த சான்றிதழ் இந்தப் பக்கத்தில் செல்லுமா என்று கேட்டுக்கொண்டு அலைந்தாய். செல்லும் என்று தெரிந்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு எப்போது மனுப் போடுவது, எங்கே தங்குவது, அங்கே இடம் கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே போவது என்று ஒவ்வொன்றாக விசாரித்தாய். நாங்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டதோடு சரி. “ஆசப்படுறது லேசு புள்ள. யாரு குறுக்க நிப்பாங்கனு மொதல்ல பாக்கணும்” என்று என்னிடம் சொல்வாய்.

குறுக்கே நின்றது உன் அண்ணன்தான். வீட்டுக்கு இரண்டு பேர் வேலைக்குப் பெயர் கொடுத்தால்தான் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் இடம் கிடைக்கும் என்று முகாமில் பேச்சு. உங்கள் அம்மாவுக்கு இடுப்பு நிமிராது. மிச்சம் அவரும் நீயும்தான். “பொட்டப்புள்ளைக்கு என்னா படிப்பு? கொழுந்து எடுக்கட்டும்” என்று உன் பெயரைக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். இப்போது ரசம் உறிஞ்சுகிறாரே, அதே வாய்தான் அன்றும் பேசியது.

நீ அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வேலையாள் போதாத வீடுகளுக்காக முகாமில் அப்போது அவசரக் கல்யாணங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு ஜோடி கழற்றிய மாலையை அடுத்த ஜோடி வாங்கிப் போட்டுக்கொள்ளும். நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் நீ அதில் ஒரு வழியைப் பார்த்தாய். குழாயடியில் என் குடத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டாய்.

“நீ எங்க அண்ணன கட்டிக்க. ரெண்டாவது ஆளா ஒன் பேரு போவும். நா படிக்கப் போயிருவேன். ஒனக்கு என்னா வேணும், சொல்லு.”

“புள்ளக் காம்பராவுல வேல” என்றேன்.

கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. இலங்கையில் நம் தோட்டத்து ஆயாவுக்கு நான் ஒத்தாசையாக இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். எனக்கு வேறு எந்த வேலையிலும் அப்படி மனசு ஒட்டியதில்லை. “படிச்சிட்டு வந்து ஒன்னைய அதுல சேத்துவிடுறது எம் பொறுப்பு” என்றாய். என் அப்பாவுக்கு ஒரு வாய் குறைந்த சந்தோஷம். யாரோ கழற்றிய மாலை என் கழுத்துக்கும் வந்தது.

நீ நினைத்தபடியே படித்தாய், குன்னூரில் வேலைக்கும் சேர்ந்தாய். நான் மழையிலும் பனியிலும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தேன். உன் அண்ணன் குடித்துவிட்டு வந்து, தங்கச்சி டீச்சர் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பெருமை பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பொட்டலத்தோடு வந்த உன்னிடம் என் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

“அது ஆபீஸ் கையில இருக்கு அண்ணி. நா என்னா செய்றது?” என்று சொல்லிவிட்டு நீயே ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாய்.

அன்று உன்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. உன் படிப்புக்கு ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி வைத்திருந்தவள் நீ. எனக்கு வெறும் வாக்கு மட்டும்தான் வைத்திருந்தாய். அந்த வெறுப்பு ஆற வெகுகாலம் ஆயிற்று. பிறகுதான் புரிந்தது, என் ஆசையை உன் பையில் போட்டு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது தானாகத் திரும்பி வராது என்று. அவரவர் வழியை அவரவர்தான் பார்த்தாக வேண்டும். நீ உனக்குப் பார்த்தாய். பார்த்துப் பார்த்துக் கட்டியதைப் போய் அதிர்ஷ்டம் என்று ஒருவர் சொல்ல, பந்தியே தலையாட்டுகிறது. உன் மேல் எனக்கு இருந்த வெறுப்பெல்லாம் அதைக் கேட்டு வந்த வெறுப்புக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது குழாயடியில் பார்த்த அந்தப் புத்திதான். போன மழைக்காலத்திலிருந்து, கண்ணைக் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஊட்டிக்குப் போய் வருகிறேன். அங்கே காந்தல் பகுதியில் எந்தத் தெருப் பெண்கள் விடியலிலேயே ஓட்டல் வேலைக்குப் போகிறார்கள், குழந்தைகளை யாரிடம் விடுகிறார்கள் என்று விசாரித்தேன். நானே ஒரு புள்ளக் காம்பரா வைக்க, வெயில் விழுகிற, தண்ணீருக்குத் தட்டுப்பாடில்லாத அறையாகத் தேடிப் பிடித்தேன். ஒருத்தி ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொருத்தி என்று தாய்மார்களிடம் பேசி வைத்தேன். குறுக்கே நிற்கப்போவது யார் என்றும் பார்த்தேன். அதே ஆள்தான். அதனால் அவரிடம் மூச்சு விடவில்லை.

உன் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தேன். திங்கட்கிழமை குழந்தைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். நான் ஞாயிறு காலை பஸ்ஸில் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை.

ராத்திரிக்கு என்ன குழம்பு என்று உன் அண்ணன் வாசலிலிருந்து கேட்கிறார். சனிக்கிழமை வரைக்கும் பதில் சொல்வேன்.